சிங்கத்தின் வாயில் மருமகள் கை

பஞ்சாங்கத்துக்குப் பாதுகாவலரும், பள்ளிக்கூடத்துக்கு ஓய்வுபெற்ற வாத்தியாரும், என் பெண்டாட்டிக்கு ஒரே அண்ணனுமாகிய லியன் வென்பாங் மச்சான் அவர்களுக்கு, மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு விடுதலை கொடுத்த ஜுவாங் சுய்ஃபா சோங்வூவிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்க தங்கச்சி சியூசின் என்னைவிட நலம், அவள் தொண்டை அவளைவிட நலம். அங்கே உங்க முழங்காலும் உங்க கிளியும் உங்க முன்கோபமும் சௌக்கியமாக இருக்க வேணுமாய்க் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். போன் உங்க தங்கச்சி காதில் ஒட்டியிருக்கிறது, பிய்த்தெடுத்தால் காதும் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. பேத்தி பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்று கிலோ நூறு கிராம். தாயும் சேயும் சுகம். மருமகள் யாஃபெங்குக்கு இஞ்சியும் எள்ளெண்ணெயும் அரிசி மதுவும் ஊற்றித் தினம் ஒரு கோழி சமைக்கிறாள் உங்க தங்கச்சி. கோழி மருமகளுக்கு, வாசனை எனக்கு. போன வருஷம் மூன்றாம் மாசத்தில் ஒன்று கைநழுவிப் போனது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்தப் பெண் நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் மரியாதைக்குத்தான் சிரிப்பாள். இப்போது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நான் பல்செட்டைக் கழற்றிக் காட்டினால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். மச்சான், ஒன்பது மாசமாக நெஞ்சுக்குள் நங்கூரம் போட்ட மாதிரி இருந்தது. இப்போதுதான் தூக்கியிருக்கிறேன்.

இனி சிங்கக் கதைக்கு வருவோம். மேல்மாடி கட்டி முடித்ததற்குப் பரிசாக நீங்கள் வாசலுக்கு ஒரு ஜோடிக் கல் சிங்கம் அனுப்பினீர்கள். ஊரே கல் செதுக்கிப் பிழைக்கிற இடத்துக்கு சுவான்சோவிலிருந்து லாரியில் கல் சிங்கம் அனுப்பிய மனுஷன் நீங்கள் ஒருத்தர்தான், கொல்லத் தெருவில் ஊசி விற்ற மாதிரி. சரி, அன்பாக அனுப்பினீர்கள். கூடவே ஒரு சீட்டு, உங்க முத்து முத்தான கையெழுத்தில்: காலடியில் பந்து வைத்து வாயைத் திறந்திருப்பது ஆண், இடப்பக்கம், காலடியில் குட்டி வைத்து வாயை மூடியிருப்பது பெண், வலப்பக்கம். நான் தெருவில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டு இடது கையை நீட்டினேன். லாரிக்காரன் தலையைச் சொறிந்தான்.

"தாத்தா, வீட்டுக்குள்ளேருந்து வெளிய பாத்தா இடதா, வெளியிலேருந்து உள்ள பாத்தா இடதா?"

"ஏம்பா, எனக்கு எத்தனை இடது கை இருக்கு? ஒண்ணுதான். அது காட்டுற பக்கம் வை."

நாற்பது வருஷம் மீன்பிடிப் படகின் வயிற்றுக்குள் இன்ஜினோடு கிடந்தவன் நான். படகு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றே தெரியாது, இதில் இடது வலது எங்கே தெரிகிறது! இரண்டு மாசம் சிங்கங்கள் சந்தோஷமாக நின்றன. அப்புறம் உங்க தங்கச்சி ஆசையாக ஒரு போட்டோ பிடித்து உங்களுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷம் போனில் உங்க குரல் கடற்கரை வரை கேட்டது.

"வீட்டுக்குள்ளேருந்து பாக்கணும்டா மடையன்களா! ஆம்பளை நிக்க வேண்டிய எடத்துல பொம்பளை நிக்கிறா!"

"அது சிங்கம் வந்தா ஆரம்பிச்சுது? என் கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சுதே மச்சான்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. தாய்ச் சிங்கம் இடம் மாறி நின்றால் வீட்டுக் குழந்தைக்கு ஆகாது என்றீர்கள். சரியாக அந்த வாரம்தான் யாஃபெங் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தது.

உடனே மாற்றி வைத்துவிடலாம் என்று நான் கல்பட்டறை ஆட்களைக் கூப்பிடக் கிளம்பினேன். உங்க தங்கச்சி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் கருவைக் காக்கிற சாமி ஒரு நாள் கதவில், ஒரு நாள் அடுப்பில், ஒரு நாள் கட்டிலில் குடியிருக்குமாம், கனமான சாமானை நகர்த்தினால் அது மிரண்டு போய்விடுமாம். சிங்கத்தை இப்படியே விட்டால் பிள்ளைக்கு ஆகாது, நகர்த்தினாலும் ஆகாது! உங்களைக் கேட்டதற்கு, "ரெண்டுமே உண்மைதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். வாத்தியார் புத்தி! கேள்வியைக் கொடுத்துவிட்டு மணி அடித்துவிடுவது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு துரும்பு நகரவில்லை மச்சான். என் அப்பா படம் மாட்டிய ஆணி விழுந்தது, அடிக்கக் கூடாது, அதனால் அப்பா எட்டு மாசம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எங்களை முறைத்தார். கட்டில் கால் ஆடியது, மகன் ஜிசெங் புருஷ லட்சணமாய் முட்டுக் கொடுக்கப் போனான், அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கினான். குழாய் ஒழுகியது, வாளி வைத்தோம், வாளி நிரம்பினால் வாளியை நகர்த்தலாமா என்று அதற்கொரு பஞ்சாயத்து. நீங்கள் சொன்னீர்கள் என்று சிங்கங்களின் கண்ணைச் சிவப்புத் துணியால் கட்டினோம். மீனுருண்டைக் கடை ஆசூ வந்து எட்டிப் பார்த்து, "வாசல்ல சிவப்பு கட்டியிருக்கு, யாருக்குக் கல்யாணம்? கிழவருக்கா?" என்றாள். "பொண்ணு நீதான்னா எனக்குச் சம்மதம்" என்றேன். உங்க தங்கச்சி அன்றே துணியை அவிழ்த்துவிட்டாள்.

இத்தனையிலும் என் வாய் சும்மா இருந்ததா? ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்: "சிங்கத்தை ஏன் திருப்பணும், நாம திரும்பிக்குவோம். பின்னால நடந்தே வெளிய போனா ஆண் சிங்கம் நம்ம இடது கைப் பக்கம்தானே வருது?" கிண்டலுக்குத்தான் சொன்னேன். உங்க தங்கச்சி சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னை முப்பத்தெட்டு வருஷத்தில் பார்க்காத மரியாதையோடு பார்த்தாள். உங்களுக்கு போன் பறந்தது. நீங்களும், "சாஸ்திரத்துக்கு விரோதமில்லை" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று முதல் நால்வரும் இறால் குடும்பம் மாதிரி பின்னால் நடந்தே வெளியே போனோம். தபால்காரர் எங்க வீட்டுக் கடிதங்களை ஆசூ கடையில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஏழாம் மாசம் ஒரு நாள் யாஃபெங் வலது கையில் சூப்புப் பானையோடு வாசலில் பின்னால் நடந்தாள். எங்க வீட்டு வாசற்படி உயரம் உங்களுக்குத் தெரியும். குதிகால் தட்டியது. நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பானை போயிற்று. பிள்ளையும் போயிற்று என்று நினைத்தேன் மச்சான், பொய் சொல்லவில்லை. அவளுடைய இடது கை காற்றில் துழாவி, ஆண் சிங்கத்தின் திறந்த வாய்க்குள் போய்க் கீழ்ப்பல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்படியே தொங்கினாள். விழவில்லை. நான் போய்த் தாங்கினபோது என்னைப் பார்த்து, "மாமா, கடிக்கலை" என்றாள். அவள் சிரித்தாள், நான் அழுதேன்.

யோசித்துப் பாருங்கள். உங்க சீட்டுப்படி வைத்திருந்தால் அந்தப் பக்கம் யார் நின்றிருப்பார்? வாயை மூடிக்கொண்டிருக்கிற அம்மாள். எதைப் பிடித்திருப்பாள் இந்தப் பெண்? பின்னால் நடக்கச் சொன்ன வாயும் என் வாய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிழவன் வாயால் வந்த வினையை ஒரு சிங்கத்தின் வாய் தீர்த்தது. அன்றைக்கு சியூசின் ஒரு ஆரஞ்சை உரித்துச் சிங்கத்தின் வாயில் வைத்தாள். மறுநாளிலிருந்து யாஃபெங் மட்டும் முன்னால் பார்த்து நடந்தாள், நாங்கள் மூவரும் பழைய வழியில்.

ஆகையால், பேத்தியின் ஒரு மாச விருந்துக்கு நீங்கள் வரும்போது சிவப்பு முட்டை சாப்பிடுங்கள், எண்ணெய்ச் சோறு சாப்பிடுங்கள், பேத்திக்குப் பெயர் வையுங்கள், என்னை நாலு திட்டுங்கள். சிங்கங்களை மட்டும் தொடாதீர்கள். இந்த வீட்டுக்கு இடது எது என்று சிங்கங்களுக்கே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு நூறு வயசும், உங்க முழங்காலுக்கு இருபது வயசும், உங்க கிளிக்கு உங்களைவிடக் கொஞ்சம் பொறுமையும் வாய்க்கட்டும்.

அன்புள்ள மச்சான்,
சுய்ஃபா

பின்குறிப்பு: மாமா, இது ஜிசெங் கையெழுத்து. அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இனி அப்பா பேசுவது: மச்சான், கடிதத்தில் மண் ஒட்டியிருப்பதற்கு மன்னிக்கவும். காலையில் நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது கீழே தடபுடலாகச் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் போனில் நாள் குறித்துக் கொடுத்தீர்களாம், பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்று கல்பட்டறை ஆட்கள் நாலு பேரை வைத்து உங்க தங்கச்சி சிங்கங்களைச் சரியாக மாற்றிவிட்டாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வலது கையில் கடிதத்தோடு, வழக்கம்போலப் பின்னால் நடந்து கிளம்பினேன். படி தட்டியது. இடது கையை நீட்டினேன். மூடிய வாய். மூக்கு வழவழவென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. கடிதமும் நானும் ஒன்றாகத் தரையில். சியூசின் வந்து என்னைப் பார்த்தாள், சிங்கத்தைப் பார்த்தாள்.

"என் மருமக விழுந்தா வாயைத் தொறந்து தாங்குது. நீங்க விழுந்தா வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாக்குது. ரெண்டும் அதது வேலையைச் சரியாத்தான் செய்யுது கிழவரே, எந்திரிங்க."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வரும்போது வலித் தைலம் ஒரு புட்டி.