தொடாதே அண்ணனின் நாலாவது எண்

டிவி என்ற ஒன்றை வகுத்தல் கணக்குப் பார்க்க மட்டுமே பயன்படுத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தலையில் வந்து விடிந்தார்.

எண்பதுகளில் ஜெலாப்பாங்கில், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த நாலு பேர் வாடகை வீட்டில் இருந்தோம். எங்களில் ஒருவரான மெக்கானிக் அண்ணன் எங்கிருந்தோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, எங்கள் பொது டிவியில் மாட்டினார். அதற்கு டிவிதான் திரையாம். வாராந்திரத் தமிழ்ப் படம் அத்தோடு போயிற்று.

அப்படி என்ன மகத்தான பணி? நிறைவெண் தேடுகிறார்.

"ஆறு இருக்குல்ல? ஒண்ணு, ரெண்டு, மூணு, இதெல்லாம் அத மீதியில்லாம வகுக்கும். கூட்டுனா அதே ஆறு. பத்தாயிரத்துக்குள்ள இந்த மாதிரி நாலே நாலுதான் லா."

6, 28, 496 கிடைத்துவிட்டன. நாலாவதைப் புத்தகத்தில் பார்க்கலாம்தான். ஆனால் அது அவருக்கு மானப் பிரச்சினை.

கம்ப்யூட்டரோ வெள்ளி மாலை தொடங்கினால் ஞாயிறு வரை வகுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் இஸ்திரிப் பெட்டியால் பியூஸ் போயிற்று. அடுத்த வாரம் இடி. மூன்றாம் வாரம் என் விரல். அதன்பிறகு யாராவது சுவிட்சுப் பக்கம் திரும்பினாலே "தொடாத லா" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

பாரிட் புந்தாருக்குப் பெண் பார்க்கப் போவதையும் இதற்காக இரண்டு முறை தள்ளிப்போட்டார். பெண்ணின் அப்பா பொறுமையிழந்து, ஒரு ஞாயிறு மதியம் மகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா வேற எடம் பாக்குறேன்."

"ரெண்டே மணி நேரம் இருங்க மாமா," என்றார் அண்ணன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அரிசி ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். 7,900 ஓடிக்கொண்டிருந்தது.

"இத எதெதால வகுக்குது?"

"ஒண்ணுலேருந்து, இதுக்கு முந்துன நம்பர் வரைக்கும்."

"பாதிக்கு மேல எதுவும் மீதியில்லாம வகுக்காதே. பாதியோட நிப்பாட்டுனா நேரமும் பாதியாயிடும்ல?"

 அண்ணன் ஓட்டத்தைத் தானே நிறுத்தினார். இரண்டு நாள் கணக்கு போயிற்று. நாற்காலியை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க, நான் சொல்றத அமுக்குங்க," என்றார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தொட்டார். "தொடாத லா" வரவில்லை.

மறுநாள் மாலை திரையில் 8128 வந்து நின்றபோது அண்ணன் இல்லை. லீவு போட்டு, சம்மதம் சொல்ல பாரிட் புந்தாருக்கு பஸ் ஏறியிருந்தார். எங்களில் ஒருவன் டிவியில் சேனல் மாற்றக் கை நீட்டினான். அந்த மனிதர் மேல் எனக்கு இத்தனை பிரியம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"தொடாத லா," என்றேன். "அண்ணே வந்து பாக்கட்டும்."