இலை அக்காவும் அசையாத கிருமியும்

பினாங்கில் இலை அக்கா கிள்ளாத செடி ஒன்று இருந்ததென்றால், அது பிளாஸ்டிக் செடியாகத்தான் இருக்கும். அதையும் ஒரு வங்கி வாசலில் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நான் ஸ்டோர் கிளார்க். அவர் அங்கே ஆராய்ச்சியாளர். ஆஸ்பத்திரி மருந்துக்கே அசையாத கிருமிகளை இலைச்சாறு கொல்லுமா என்று பார்ப்பது அவர் வேலை. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்பார். சாற்றில் நனைத்த பொட்டளவு காகிதத்தை அதன்மேல் வைப்பார். மறுநாள் காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருந்தால், அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம்.

கல்லூரி முதல்வரையே "அவன் வந்தானா?" என்று கேட்கிறவர், எதற்கும் சாகாத ஒரு கிருமியைப் பற்றி மட்டும் மரியாதையாகப் பேசுவார்.

"இன்னைக்கும் அசையல தம்பி. வேப்பிலைய பாத்து சிரிக்கிறார்லா."

ஒருமுறை சூலியா தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் நின்ற கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்னாக்கா, கறிக்கா?"

"இல்லண்ணே, கிருமிக்கு."

கடைக்காரர் அவர் வயிற்றைப் பரிதாபமாகப் பார்த்தார். "கிளினிக் போலாம்லாக்கா" என்று சொல்லி, ஒரு கிளாஸ் சுடுதண்ணீரும் கொடுத்தார். அக்கா அதைக் குடித்துவிட்டு இன்னும் இரண்டு கொத்து உருவினார்.

ஒருநாள் காலையில் "விழுந்துருச்சு! விழுந்துருச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். கூரைதான் விழுந்துவிட்டதென்று மாடி முழுக்க இறங்கி ரோட்டில் நின்றோம். விழுந்தது வட்டம். குப்பைமேனிச் சாறு கிருமியைக் கொன்றுவிட்டதாம். எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே மறுபடி செய்து பார்த்தபோது வட்டம் வரவில்லை. சாறு எடுக்க ஊற்றிய ஆல்கஹால் முதல் தடவை சரியாகக் காயவில்லை. அதுதான் கிருமியைக் கொன்றிருக்கிறது. வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் மேசை மேசையாகப் போய், "கொன்னது இலை இல்ல, சாராயம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு வெற்றிலைச் சாற்றுக்கு உண்மையாகவே வட்டம் விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் விழுந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை. கன்னத்தில் கைவைத்துத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோர் இரும்பு அலமாரி என் காலில் சாய்ந்தது. காயம் ஆறவில்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. கால் வீங்கிக் காய்ச்சலும் வந்ததும் அக்காவிடம் போய் நின்றேன்.

"உங்க வெத்தல சாறு கொஞ்சம் குடுங்கக்கா, தடவிப் பாக்குறேன்."

இத்தனை வருடத்தில் அவர் என்னை அதட்டியது அன்று மட்டும்தான்.

"மூள இருக்கா ஒனக்கு? அது தட்டுல கொல்லுது. ஒடம்புக்குள்ள கிருமியக் கொல்லுமா, ஒன்னக் கொல்லுமான்னு எனக்கே இன்னும் தெரியாது. ஏறுலா கார்ல!"

சிவப்பு விளக்கு எதையும் மதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பரிசோதித்ததில் காலில் இருந்ததும் மருந்துக்கு எளிதில் அடங்காத வகைதான். டாக்டர் மருந்தை மாற்றினார். கொஞ்சம் சதையையும் வெட்டினார்.

அக்கா தினமும் வேலை முடிந்து வந்து என் மனைவியோடு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரி வாசலில் செம்பருத்தி வேலி. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று மனைவி சொன்னபோதுதான் எனக்குப் பயமே வந்தது.

கடைசியில் மருந்து கேட்டது. "இனிமே பயமில்ல" என்று டாக்டர் சொன்னதும் அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இப்போது ஓய்வு பெற்று, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கிறார். நான் பெர்ரி ஏறிப் போனால், 'வா' என்றுகூடச் சொல்லமாட்டார்.

"கால காட்டு மொதல்ல."

எப்போதோ ஆறிப்போன கால்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றி, அவர் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து காட்டுகிறேன்.