அம்மாமார்களுக்கு மட்டும்

சுகுமாரனுக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்தால் அது காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான். ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவனுக்கு வேறு எப்போது கிடைக்கும்? விடியும் முன்னே சுங்கை சிப்புட் பக்கம் போகவேண்டும். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்த இடத்தில் கட்டிய மலிவு வீடுகளிலிருந்து ஆட்களை ஏற்றவேண்டும். ஈப்போவில் கையுறை ஃபேக்டரி வாசலில் இறக்கவேண்டும். அப்புறம் சிலிபினில் ஒரு மரநிழலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கடைசி சீட்டில் காலை நீட்டுவான். கண் சொருகும். சரியாக அப்போது சட்டைப்பையில் டிங் என்று கேட்கும்.

மகள் ஷாமினி இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள். அவள் வகுப்புப் பெற்றோருக்கான வாட்சப் குரூப் அது.

பள்ளி திறந்த வாரத்தில் வகுப்பாசிரியை நஸ்ரியா ஒரு பாரம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு ஒரு போன் நம்பர்தான் எழுதவேண்டும். குமுதா கணவன் நம்பரை எழுதினாள்.

"ஏன் என் நம்பரு?"

"நீங்கதானே வீட்டுக்குத் தலைவரு."

அன்றைக்கு முழுவதும் சுகுமாரன் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தான். மறுநாள் எழுபத்து மூன்று செய்திகள் வந்தன. தலைவர் அன்றோடு குனிந்தவர்தான்.

டீச்சர் போடுவது ஒரு வரி. நாளைக்கு விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வரவும். அவ்வளவுதான். அதற்கு முப்பத்து மூன்று குடும்பமும் நன்றி சொல்லும். ஒருவர் ரோஜாப்பூ அனுப்புவார். ஒருவர் கைகூப்பும் பூனைக்குட்டி அனுப்புவார். டீச்சருக்கு நன்றி சொன்ன எல்லாருக்கும் ஓர் அம்மா தனித்தனியாக நன்றி சொன்னார். சட்டைப்பை ஓயாமல் அதிரவே, போனைக் கால்சட்டைப் பைக்கு மாற்றினான். அதற்குப் பிறகு வருவது அறிவிப்பா அரிப்பா என்று தெரியாமல் நாளெல்லாம் தொடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். வகுப்புச் செய்தி என்று ஒன்று வரும். விரலால் தள்ளத் தள்ள, குவாலகங்சார் சாலை மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுகுமாரன் அடிவரைக்கும் தள்ளி, கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

கூட பஸ் ஓட்டும் கனகராஜ்தான் ஒரு நாள் குரூப்பின் வாயை அடைக்கக் கற்றுக்கொடுத்தான். நாலு நாள் நிம்மதியான தூக்கம். ஐந்தாம் நாள், மொத்த வகுப்பும் விளையாட்டுச் சட்டையில் நிற்க, ஷாமினி மட்டும் நீலப் பாவாடையில் போய் நின்றாள்.

குமுதா சத்தம் போடவில்லை. பல் கிளினிக் கவுண்டரில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள். பயந்து வருகிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். அன்று சாயங்காலத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் வழக்கமாக்கினாள்.

"இன்னைக்கு குரூப்ல என்னங்க வந்துச்சு?"

நன்றிகளுக்கு நடுவில் விஷயத்தைத் தேடிப்பிடித்து ஒப்பிக்கவேண்டும். தன் பிஎம்ஆர் பரீட்சைக்குக்கூட சுகுமாரன் இவ்வளவு படித்ததில்லை.

இப்படி மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் வளைவில் திரும்பும்போது கண் ஒரு நொடி மூடித் திறந்தது. பஸ்ஸில் நாற்பத்து நாலு பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியதும் குடிதண்ணீர் பாட்டிலை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒட்டுக்கடையில் கோப்பியை வைத்துக்கொண்டு கனகராஜிடம் புலம்பினான்.

"ஒன் மவனும் அதே வகுப்புதானே. நீ எப்படிலா சமாளிக்கிற?"

"நான் எங்க சமாளிக்கிறேன்? எங்க வூட்ல அம்மா நம்பருதான் குடுத்துருக்கு. அப்பாமாருக்கு இதெல்லாம் சரிப்படாது மச்சான்."

சுகுமாரனுக்கு அந்த இடத்திலேயே யோசனை பிறந்தது. கோப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டான்.

வீட்டில் குமுதா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"குமுதா, ஸ்கூல்ல புது ரூல்ஸ் போட்டுருக்காங்க."

"என்ன ரூல்ஸ்?"

"குரூப்ல இனிமே அம்மாமாரு மட்டும்தான் இருக்கணுமாம்."

கத்தி நிற்கவில்லை.

"யாரு சொன்னா?"

"நஸ்ரியா டீச்சருதான்."

"எப்போ?"

"காலையில."

"ஏனாம்?"

ஏன் என்று கேட்பாள் என அவன் நினைக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அப்பாமாருங்க சரியா கவனிக்கிறதில்லையாம்."

"அது உண்மைதான்," என்றாள் குமுதா. "அப்ப என் நம்பர குடுத்துடுவோம்லா. நீங்க வெளிய வந்துருங்க."

அவ்வளவு லேசாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் குரூப்பிலிருந்து வெளியேறினான். அதற்கும் ஆறு பேர் நன்றி சொன்னதாக அப்புறம் கேள்விப்பட்டான்.

முதல் வாரம் சொர்க்கம். சுகுமாரன் குறட்டை விட்டதில் பஸ் கண்ணாடி அதிர்ந்ததாக, பக்கத்தில் லாரி நிறுத்துகிறவர் சொன்னார்.

இரண்டாம் வாரம் சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்தார்கள். "என்ன?" என்று கேட்டான். "குரூப்ல வந்துச்சு," என்று குமுதா சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். மறுநாளும் சிரித்தார்கள். மறுநாளும் குரூப்பில்தான் வந்திருந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் தனக்கு மட்டும் தபால் வராத மாதிரி இருந்தது. இதுவும் தூக்கத்துக்குக் கொடுக்கும் விலைதான் என்று சும்மா இருந்தான்.

மூன்றாம் வாரம் கனகராஜ் தோளைத் தட்டினான்.

"எப்ப மச்சான் பெலாஞ்சா?"

"எதுக்குலா ஒனக்கு நான் வாங்கித் தரணும்?"

"மவ பரிசு வாங்குறாளே. வர்ற சனிக்கிழமை. வகுப்புலயே அவ ஒருத்திக்குத்தான். குரூப்ல போட்டிருந்தாங்கன்னு எங்க வூட்ல சொன்னா. நீ பாக்கல?"

"பாத்தேன், பாத்தேன்."

"எதுக்குன்னும் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா?"

கனகராஜ் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் கூப்பிட்டுக் கேட்க சுகுமாரனுக்கு மானம் தடுத்தது. மத்தியானம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணக்குப் போட்டான். எதற்காக இருக்கும்? கணக்குப் பாடமா? இன்னும் விரல்விட்டுத்தான் எண்ணுகிறாள். ஓட்டப்பந்தயமா? பஸ் நிறுத்தம்வரை ஓடினாலே மூச்சு வாங்கும். பதினாலு வயதுக்குள் அவள் ஒரு பரிசும் வாங்கியதில்லை. வாங்கும் முதல் பரிசு, அப்பனுக்கு மட்டும் தெரியவில்லை.

குமுதா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷாமினிக்கு ஏதோ பரிசாமே."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லல?"

"குரூப்ல வந்துச்சு."

"குரூப்லதான் நான் இல்லையே."

"ஆமால்ல," என்றாள், இப்போதுதான் ஞாபகம் வந்தவள்போல.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போறோம்?"

"போறோம் இல்லங்க. ஒரு புள்ளைக்கு ஒருத்தருதான். மண்டபத்துல கூரை மாத்துறாங்களாம். லைப்ரரியில வெக்கிறாங்க, எடமில்ல."

"அப்ப நான் போறேன்."

குமுதா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க எப்படிங்க போவீங்க? அம்மாமாருக்கு மட்டும்னுதானே டீச்சர் சொன்னாங்க?"

சுகுமாரன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். காற்றாடியைப் போட்டான். மறுபடியும் உட்கார்ந்தான். குமுதா அடுத்த பாவாடையை எடுத்து விரித்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"அது வந்து... டீச்சர் அப்படி ஒன்னும் சொல்லல."

"பின்ன யாரு சொன்னா?"

"நான்தான்."

"தெரியும்லா. அன்னைக்கே டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"நீங்க தூங்கட்டும்னுதான். ஒங்க கண்ணப் பாத்தா எனக்குத் தெரியாதா? என்கிட்ட முடியலன்னு சொல்லியிருந்தாலே என் நம்பர குடுத்திருப்பேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இப்படிப் பேசுகிறவளை என்ன செய்வது?

அலமாரி மேலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். வரப்போகும் பெற்றோரின் பெயர் என்ற இடத்தில் சுகுமாரன் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அப்ப நீ போறதா இல்லியா?"

"எனக்கு அன்னைக்கு டூட்டிலா. எப்படியும் நீங்கதான் போகணும். இதுல சைன் வைங்க, நாளைக்குக் குடுத்தனுப்பணும். இங்க ஒன்னு. கீழ ஒன்னு."

மனசு மாறிவிடப் போகிறாளே என்று, அவள் விரல் காட்டிய இரண்டு இடத்திலும் சரசரவென்று கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். லைப்ரரியில் புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் அப்பாமார்கள்தான். ஒவ்வொரு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டார்கள். ஷாமினியின் பெயர் வந்ததும் நஸ்ரியா டீச்சர் ஒலிவாங்கியை வாங்கி, முதலில் மலாயிலும் பிறகு இவனைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"நம்ம வகுப்புச் செய்திய வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எழுதுறது நான் இல்ல. இந்தப் புள்ளதான். ஒரு வாரம்கூட விட்டதில்ல. எல்லாக் குடும்பமும் காத்திருந்து படிக்குது."

கைதட்டல் எழுந்தது. சுகுமாரனும் தட்டினான். கட்டைவிரல் மட்டும் கூசியது.

பக்கத்து நாற்காலியில் இருந்த மலாய்க்கார அம்மா ஆவலோடு திரும்பினார். "நீங்கதானா அந்த பஸ் அப்பா?" என்று மலாயில் கேட்டார். பின்வரிசையில் இருந்த சீனர் எட்டிக் கை கொடுத்தார். பிள்ளைகளின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஷாமினி வாரம் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறாள். முதலில் எழுதியது அவனைப் பற்றி. விடியும் முன் எழுந்திருப்பது, நாற்பத்து நாலு பேரின் பெயரும் தெரியும் என்பது, காலை பத்து மணிக்குக் கடைசி சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்குவது, எல்லாம் அதில் இருந்திருக்கிறது. முப்பத்து மூன்று குடும்பத்துக்கு அவன் குறட்டை தெரியும். அவனுக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து மீ கோரெங் சாப்பிடும்போது நஸ்ரியா டீச்சர் வந்தார்.

"ஷாமினி அப்பா, மவ எழுதினதுல ஒங்களுக்கு எது ரொம்பப் புடிச்சுது?"

"எல்லாமே நல்லாதான் இருந்துச்சு டீச்சர்."

"அதான் நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். இனிமே ஷாமினியோட படிவத்துல இருக்குற அஞ்சு வகுப்புக்கும் இப்படிச் செய்தி வரப்போவுது. வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு பெற்றோரு அஞ்சையும் வரி விடாம படிச்சு, தேதி, கெழம, பேரு எல்லாம் சரின்னு சொல்லணும். யாருமே முன்வரல. ஒங்க சைனப் பாத்தப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

கோப்பிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். கீழே இருந்த இரண்டாவது கையெழுத்து அவனுடையதுதான். அதற்கு மேல் ஐந்து வரி இருந்தது. சுகுமாரன் அந்த ஐந்து வரியையும் இப்போதுதான் முழுவதுமாகப் படித்தான்.

"சரிங்க டீச்சர்," என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த மலாய்க்கார அம்மா அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்.

ஷாமினி பரிசுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவன் கூடவே வாசல்வரைக்கும் நடந்தாள்.

"பா, ஒங்களப் பத்தி எழுதினதுக்கு தம்ஸ் அப் போட்டீங்க."

"ஆமாம்மா."

"படிக்கலதானே?"

பொய் சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் இந்த மாதம் அவன் சொன்ன பொய்களெல்லாம் வீடு திரும்பி வந்திருந்தன.

"படிக்கலம்மா. தூக்கக் கலக்கம்."

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள் என்று பார்த்தான். கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் போனில் எதையோ தேடி எடுத்து நீட்டினாள்.

"இப்ப படிங்க. நான் நிக்கிறேன்."

பள்ளி வாசலில் வெயிலில் நின்றபடி, சுகுமாரன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தான். தள்ளாமல் படித்தான். பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஒரு எடத்துல கெழம தப்பா போட்டுருக்க," என்று மட்டும் சொன்னான். ஷாமினி சிரித்தாள்.

வாசலில் நிறுத்தியிருந்த அவன் பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் தள்ளிப்போய்க் குமுதாவுக்குப் போன் போட்டான்.

"ரெண்டாவது சைன் எதுக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது."

"மேலேயே எழுதியிருந்துச்சேங்க."

"நான் எங்க படிச்சேன்?"

"படிக்க மாட்டீங்கன்னுதானே நீட்டினேன்."

"அஞ்சு வகுப்பு, குமுதா. எத்தன வாரத்துக்கு?"

"குரூப்ல போட்டிருந்தாங்க. ரொம்ப நாளெல்லாம் இல்லங்க," என்றாள் குமுதா. "இன்னும் மூணு வருஷம் சொச்சம், அவ அஞ்சாம் படிவம் முடிக்கிற வரைக்கும்தான்."