பெருந்தவறே செய்யாத பத்தாண்டு

வணிக உலகம் பொன்னெழுத்துகளில் பொறித்துவைக்க வேண்டிய அந்த அறிவிப்பு, கழிப்பறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது: 'பெருந்தவறே செய்யாத பத்தாண்டு. இன்று மாலை நான்கு மணிக்கு முதலாளி உரையாற்றுவார்.'

பல் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் செயலி அவருடையது. போட்டிக்கு வந்த கம்பெனிகளெல்லாம் ஏதாவது பெரிய தப்புச் செய்து மண்ணைக் கவ்வின. இவருடையது மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றது. அந்த ரகசியத்தைக் கேட்கப் பெரிய கம்பெனியிலிருந்து இருவர் வருகிறார்கள். பிடித்துப்போனால் கூட்டுச் சேருவார்கள்.

உரைக்கு உதாரணம் வேண்டுமே. தான் எடுத்த முடிவுகளின் பட்டியலை நிர்வாகி அம்மாவிடம் கேட்டார். கணினித் திரையில் நாற்பத்தொரு முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'காத்திருக்கிறது.'

"எதுக்கும்மா காத்திருக்கு?"

"உங்க மச்சானோட ஒப்புதலுக்கு சார். துணைத்தலைவரும் ஏத்துக்கிட்டாதான் எதுவும் நடக்கும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

"அவன்தான் ஆறு வருஷம் முன்னாடியே சண்டை போட்டுட்டுப் போயிட்டானே."

"அதான் சார், காத்திருக்கு."

எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான் என்றுதான் அந்தச் சண்டையே. போன பிறகுமா? முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. பொறியாளர்கள் வேலையை முடித்துத் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி. துணைத்தலைவர் பதவியிலும் தன்னையே அமர்த்திக்கொண்டு, 'அனைத்தும் ஏற்பு' பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினார்.

செயலி வாய் திறந்தது, முதலாளியின் குரலில். பல்வலிக்காரர்கள் வாங்கி வைத்திருந்த நேரமெல்லாம் ஏலத்துக்குப் போனது. யாருக்கு எத்தனை சொத்தைப்பல் என்ற பட்டியல் ஊருக்கே போனது. அலுவலகத்தில் இருந்த அத்தனை தொலைபேசிகளும் ஒன்றாக அலறின.

"எல்லாத்தையும் பழையபடி மாத்துங்கம்மா."

"முடியாது சார். பதினேழாவது முடிவு: எடுத்த முடிவுல யாரும் கை வைக்கக்கூடாது. அதையும் இப்பதான் ஏத்துக்கிட்டீங்க."

ஆறு வருஷ வீராப்பை எச்சிலோடு விழுங்கிவிட்டு மச்சானை அழைத்தார். அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி அழைத்தார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான். அதுவும் சுவாரசியமாகப் பேசுகிறான் போலிருக்கிறது.

மணி நான்கு. வந்தவர்களையாவது பேச்சில் மடக்கிவிடலாம் என்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார். இரண்டு காலி நாற்காலிகள், பாதி குடித்த இரண்டு தண்ணீர்க் குவளைகள்.

"இன்னும் வரலையாம்மா?"

வரவேற்புப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணு மணிக்கே வந்துட்டாங்க சார். உங்க ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு, பேசினதெல்லாம் இங்க கேட்டுச்சு. உங்க மச்சான் நம்பர் கேட்டாங்க, கொடுத்துட்டேன்."