வீரபாகு உபயம்

"வீரபாகுக்குப் போயிட்டு வந்திருதேன், பஸ்ஸை எடுத்திராதிய" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஒருத்தி ஓடினாள். கேட்டுக்கொண்டு நின்ற சண்முகையாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீரபாகு அவருடைய அப்பா. சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் பயணிகள் உட்காருவதற்காக அவர் ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தார். நிலையத்தைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்தக்காரர் அதைப் பெண்கள் கழிப்பறையாக்கிவிட்டார். எல்லாவற்றையும் மாற்றியவருக்கு, வாசல் மேலிருந்த 'உபயம்: வீரபாகு குடும்பத்தார்' என்ற கருங்கல்லை மட்டும் எடுக்கத் தோன்றவில்லை.

பேத்தி வேல்விழியைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும். அதற்குள் அந்தப் பேர் மறைந்தாக வேண்டும்.

கல்லைப் பெயர்த்தால் சுவரும் கூடவே வந்துவிடும் என்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கையை விரித்தார்.

"அப்படி என்னவே சுவரு கட்டியிருக்கீரு?"

சண்முகையா மகனைச் சுண்ணாம்பு பூசச் சொன்னார். அருண்குமார் பூசினான், வழிந்ததை அவனே துணியால் துடைத்தும் விட்டான். கல் கறுப்பாகவே இருந்தது. செதுக்கிய எழுத்துகளுக்குள் மட்டும் சுண்ணாம்பு நின்றது. கிட்டே போனால் தெரிந்த பேர், இப்போது எதிர்வரிசை பஸ்ஸிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"ஏலே, மறைக்கச் சொன்னேனா, எடுத்துக்காட்டச் சொன்னேனா?"

அருண்குமார் ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கி வந்து கல்லின்மேல் தொங்கவிட்டான். அது கீழேயிருந்த 'பெண்கள்' பலகையையும் சேர்த்து மூடியது. வாசலில் வேட்டி தொங்கினால் ஆண்பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ரெண்டு மூணு பேர் உள்ளே போனார்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள். பின்னாலேயே ஒரு வாளி பறந்து வந்தது.

அதற்கும் பின்னால், அங்கே துப்புரவு பார்க்கும் மாடத்தி வந்தாள். வேட்டியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"இது எவன் வேட்டின்னு தெரியாம கதவைத் தெறக்க மாட்டேன்."

கூட்டம் முழுவதும் சண்முகையாவைப் பார்த்தது. அவர் பரம்பரையில் யாரும் இப்படியொரு கேள்விக்கு நடுத்தெருவில் நின்றதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் புளியங்குடி பஸ் உள்ளே நுழைந்தது.

மாப்பிள்ளையின் தாயார் ஆறுமுகத்தாய் முதலில் இறங்கினார். சண்முகையா கும்பிட்டதைக்கூடக் கவனிக்காமல் நேரே அந்த வாசலுக்கு விரைந்தார். பூட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன அண்ணாச்சி, பூட்டிக் கெடக்கு?"

சண்முகையா முதுகை நிமிர்த்தினார். ஊர் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"எங்க குடும்பத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

ஆறுமுகத்தாய் அண்ணாந்து கல்லை ஒருமுறை பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கயில ஒதுங்க எடமில்லாம பொம்பள படுத பாடு தெரிஞ்ச குடும்பம்னு, இந்தப் பேரைப் பாத்துத்தான அண்ணாச்சி நான் சம்பந்தமே பேச வந்தேன்?"