என் சட்டியைத் திருப்பி வைத்தவன்

தொலோசா,
அக்டோபர், திங்கட்கிழமை மாலை

கடல் கடந்து அர்ஜென்டினாவில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய அக்கா பெர்னார்தாவுக்கு, தம்பி எபரிஸ்தோ பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரி எதுர்னேயும் நலம். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் போன கடிதம் கிடைத்தது. உறையின் ஓரத்தில் இரண்டு விதப் பசை இருந்தது. நீ ஒரு தரம்தான் ஒட்டினாய் என்றால் எங்கள் தபால்காரரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் அதை எழுத இப்போது நேரமில்லை, அதைவிடப் பெரிய திருட்டு இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நம் அப்பா இருந்த அதே சமையல் சங்கத்தில்தான் அக்கா நடக்கிறது. இருபத்தெட்டு ஆண்கள், ஆளுக்கொரு சாவி, பெண்கள் வந்தால் மேசையில் உட்காரலாம், அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் நீ சின்ன வயதிலேயே திட்டித் தீர்த்த விஷயம். வரும் ஞாயிறு பில்பில் சமைக்கும் போட்டி. ஆறு வருடமாகக் கோப்பை என் வீட்டில். காட் மீன் கருவாடும் எண்ணெயும் பூண்டும் எல்லாரிடமும் இருக்கும், சட்டியைச் சுழற்றிச் சுழற்றி அந்த எண்ணெயைக் கெட்டிக் குழம்பாக்குவதில்தான் ஆள் தெரியும். நான் சட்டியை இறக்கி வைத்து, எண்ணெயின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சுழற்றுவேன். அந்தக் காத்திருப்பு யார் கண்ணிலும் படக் கூடாதென்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி எதுர்னே, அவள் அடுப்படிக்கே வர முடியாது. இன்னொருவன் அன்ப்ரோசியோ, முப்பது வருடமாக என் பக்கத்து அடுப்பில் நிற்பவன், என் கல்யாணத்தில் எனக்குத் துணை நின்றவன், சங்கத்தின் செயலாளர்.

போன மாதம் ஒரு புதன்கிழமை என் மண்சட்டியை எடுத்தால் பிடி சுவர்ப்பக்கம் பார்த்திருக்கிறது. நான் எப்போதும் கதவுப்பக்கம் வைப்பேன். சரி, போகட்டும் என்று பார்த்தால் சட்டி பளபளவென்று இருக்கிறது, நான் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை. மறுவாரமும் அதே கதை, அதுவும் புதன்கிழமையே. செவ்வாய்தோறும் காலையில் எல்லோரும் உஸ்துர்ரே மலை ஏறப் போவோம், சங்கம் காலி. அன்ப்ரோசியோ மட்டும் முட்டி வலி என்று இரண்டு செவ்வாய் வரவில்லை. போதாததற்குச் சனிக்கிழமைச் சந்தையில் செம்பட்டைத் தலை வெளிநாட்டுக்காரி ஒருத்தி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, சட்டி சுழற்றுகிற மாதிரி சுழற்றி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி சுழற்றிச் சிரிக்கிறாள். நிறுத்தினாள் அக்கா. என் நிறுத்தம் அது. என் ரகசியத்தை அவன் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறான் என்று அங்கேயே, மிளகாய்க் கடை முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று மாலை வழக்கம்போல் கடைக்கொரு மடக்கு வைன் குடித்துப் போகிறபோது மூன்றாவது கடையில் அவனைப் பிடித்தேன். "முட்டி எப்படிடா இருக்கு?" என்றேன். "எந்த முட்டி?" என்றான். அப்புறம் அவசரமாக இடது முட்டியைத் தடவினான், போன வாரம் வலது. "அன்ப்ரோசியோ, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றேன். அவன் குச்சியில் குத்தியிருந்த ஆலிவைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை முடியட்டும்டா, சாவகாசமாப் பேசலாம்" என்றான். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பார்.

வீட்டில் வந்து எதுர்னேயிடம் கொட்டினேன். அவள் ஊறப்போட்ட கருவாட்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே, "உங்க சட்டியைத் தொட்டு அவருக்கு என்னங்க ஆகப் போகுது? நல்லா யோசிச்சுப் பார்த்தீங்களா?" என்றாள். வெள்ளை மனசு. உலகம் தெரியாது.

ஆகவே இன்று தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எவருடைய சாவியால் அந்தக் கதவு திறந்ததோ, அவரைச் சங்கத்தைவிட்டே நீக்க வேண்டும், ஞாயிறு வாக்கெடுப்பு. இந்த ஊரில் சங்கம் இல்லாத ஆண்பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிட இடமேது என்று உனக்கே தெரியும். அன்ப்ரோசியோவே அதை வாங்கிப் படித்துவிட்டு, "நிஜமாவே போடணுமாடா?" என்று கேட்டான். குற்றவாளிதானே அப்படிக் கேட்பான்? அறிவிப்புப் பலகைக் கண்ணாடிக்குள் மாட்டிப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷத்து சிநேகிதம் அக்கா.

அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் வயிறார உண்டு வாழ நம் ஊர் மாதா துணை இருக்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
எபரிஸ்தோ

பின்குறிப்பு: செவ்வாய் மதியம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் கூட்டத்தோடு கிளம்பி, பாலத்தருகே ஷூ கடிக்கிறது என்று திரும்பி வந்தேன். வீட்டு ஆணியில் என் சாவி இல்லை. அதையும் அவன் திருடிவிட்டான் என்று ஓடிப்போய்ச் சங்கத்துக் கதவைத் தட்டினேன். திறந்தது எதுர்னே. என் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். உள்ளே, அவள் சிநேகிதி கார்மெலே வீட்டு மாடியில் தங்குகிற வெளிநாட்டுப் பயணிகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு சட்டியை இறக்கி வைத்து எண்ணெய் அடங்கக் காத்திருக்கிறார்கள். செம்பட்டைத் தலைக்காரி எனக்குக் கையசைத்தாள். "கதவைச் சாத்துங்க, சட்டி ஆறிடும்" என்றாள் எதுர்னே. "அன்ப்ரோசியோ ரெண்டு தரம் வந்து பார்த்துட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா போட்டியில கை நடுங்கும், முடியிற வரைக்கும் சொல்லாதீங்கன்னு அவருதான் சொன்னாரு."

உட்காரவைத்துப் பரிமாறினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சாப்பிட்டு எழுந்தால், "விருந்தாளிங்க பாத்திரம் கழுவக் கூடாதாமே. இங்க உறுப்பினர் நீங்க ஒருத்தர்தான்" என்றாள். ஒன்பது சட்டி கழுவினேன்.

கதவைத் திறந்தது என் சாவி. என் தீர்மானப்படி வெளியே போக வேண்டியவன் நான். அன்ப்ரோசியோ வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே சட்டைப்பையிலிருந்து தீர்மானத்தை எடுத்துக் கொடுத்தான். நேற்று அதை மாட்டவே இல்லையாம். "நீ வெளிய போயிட்டா எம்பக்கத்துல யாருடா நிப்பா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கேட்டால், போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தேன், வெங்காயம் நறுக்கினேன் என்கிறான். பில்பில்லில் வெங்காயமே கிடையாது அக்கா.