ஐஸ் அண்ணை எந்தக் கல்லூரி?

வெட்கப்படுகிறவனுக்குப் பொய் சொல்ல வாய் தேவையில்லை, தலை போதும். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டியவன். அதனால் ஒரு மைதானத்தில், நானூறு பேருக்கு முன்னால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர்க் கல்லூரிகளின் (ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர்) பழைய மாணவர் சங்கங்கள் கிங்ஸ்பரிப் பக்கம் கால்பந்துப் போட்டி வைக்கும். எட்டுக் கல்லூரிகள், பதினைந்து ஆட்டங்கள். (கல்லூரிகளை அவர்கள் போடும் ரீசேர்ட் நிறத்தால்தான் குறிப்பிடுவேன். பெயரை எழுதினால் அடுத்த முறை எனக்குக் கொத்துரொட்டி கிடைக்காது.) நான் சவுத்தாலில் ஒரு மீன் குளிரறையில் வேலை செய்கிறேன். ஆகவே ஐஸ் கொண்டுபோவது என் பொறுப்பு. ஐஸோடு, முழங்காலுக்குச் சுற்றும் பட்டியையும் நானே கொடுப்பேன். அங்கே எல்லோருக்கும் நான் 'ஐஸ் அண்ணை'.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறகு கடையில் நின்றேன். அது குற்றமில்லைதான். ஆனால் நம்மவர்கள் சந்தித்தால் பெயருக்கு அடுத்த கேள்வி, "அண்ணை எந்தக் கல்லூரி?" முதல் வருடம் ஒரு நீலக்காரர், "எங்கட கல்லூரிதானே?" என்று தோளில் தட்டினார். தலையை ஆட்டினேன். அடுத்த வருடம் மஞ்சள்காரர் கேட்டார். அதற்கும் ஆட்டினேன். பிறகு பச்சை. மூன்று சங்கங்களும் ரீசேர்ட் தந்தன. என் மனைவி மனோ அலுமாரியைத் திறந்துவிட்டுக் கேட்டாள்:

"உங்களுக்கு மொத்தம் எத்தனை பள்ளிக்கூடமப்பா?"

போட்டியில் பந்தை விடப் பெரிய சண்டை ஒன்று இருந்தது. கணக்காளர் சிவபாதம் அண்ணை, நீலம். ஐந்து வருட முடிவுகளைக் கணினியில் ஏற்றி, கல்லூரிகளை ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசைப்படுத்துவார். கார்த்திக் கோயம்புத்தூர்த் தம்பி. மஞ்சள் வீட்டு மருமகன், வங்கியில் கணினி வேலை. அவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் கணினிக்குள் பத்தாயிரம் தடவை ஆட விட்டு, யார் வெல்ல எத்தனை வீதம் என்று சொல்வார். யாருடைய கணிப்புச் சரியோ, அவருடைய வரிசைப்படிதான் அடுத்த வருடக் குழுக்களைப் பிரிப்பது என்று பேச்சு. பலமான கல்லூரியோடு ஒரே குழுவில் விழ யாருக்கு விருப்பம்? ஆனபடியால் எட்டுக் கல்லூரிக்கும் இது மானப் பிரச்சினை.

தொல்லை என்னவென்றால், இருவரும் ஒரு நாளும் பிழைவிட்டதில்லை.

"என்ரை வரிசை சரி. விசில் ஊதின மத்தியஸ்தர்தான் பிழை," என்பார் சிவபாதம் அண்ணை.

"நான் எழுபது பர்சென்ட்னுதானே சொன்னேன்? மிச்சம் முப்பது இருக்குல்ல?" என்பார் கார்த்திக்.

இருவரையும் ஒப்பிட நடுநிலையான ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. யாரோ, "ஐஸ் அண்ணை?" என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. நீலம் சிரித்தது, மஞ்சள் சிரித்தது, பச்சை கைதட்டியது. என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அன்றிரவு மனோவிடம் பெருமையடித்தேன். (அவள் அலுமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை.)

போட்டி நாளன்று ஒரு மீன் பெட்டி மட்டையில் கோடு போட்டு அட்டவணை செய்தேன். விசில் ஊதுமுன் இருவரும் பதில் சொல்ல வேண்டும்.

"தம்பி, அம்பது வீதத்துக்கு மேலே யாரைச் சொல்லுறீரோ, அதுதான் உம்மட பதில். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோம்," என்றேன்.

கார்த்திக்கின் முகம் வாடியது. சிவபாதம் அண்ணை சந்தோசப்பட்டார்.

"அண்ணை, மத்தியஸ்தர் பிழைவிட்டாலும் உங்கட பிழை பிழைதான்," என்றேன் அவரிடம்.

அவருடைய முகமும் வாடியது.

மட்டையில் இடம் மிஞ்சியிருந்தது. சும்மா நிற்பானேன் என்று மூன்றாவதாக ஒரு கோடு போட்டு என் கணிப்பையும் எழுதிக்கொண்டேன்.

இறுதியாட்டம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும். அதுவரை இருவருக்கும் ஒன்பது ஒன்பது சரி. சிவபாதம் அண்ணை நீலம் என்றார். கார்த்திக் ஐம்பத்துநாலு வீதம் மஞ்சள் என்றார். பெனால்டியில் மஞ்சள் வென்றது. என்னை மேடைக்கு இழுத்து மைக்கைத் தந்தார்கள். "கார்த்திக் பத்து, சிவபாதம் அண்ணை ஒன்பது," என்றேன்.

சிவபாதம் அண்ணை பெருந்தன்மையோடு மேடைக்கு வந்து என் தோளில் கைபோட்டார்.

"பாருங்கோ! எங்கட நீலக் கல்லூரியின்ரை பிள்ளை. சொந்தக் கல்லூரி தோத்தும் நீதியாச் சொன்னவர்."

"என்ன நீலம்?" மஞ்சள் தலைவர் கீழே இருந்து கத்தினார். "அவர் எங்கட ஆள்! எங்கட சாப்பாட்டுக்கு வாறவர்!"

"உங்கட ஆளோ? அதுதான் உங்கட மருமகனை வெல்ல வைச்சவரோ?" என்று சிவபாதம் அண்ணை திரும்பினார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்று ஒரு பச்சைக்காரர் எழும்பினார். "அவர் எங்களோட ஒரே வாங்கில இருந்து படிச்சவர்!"

(அந்த வாங்குப் பலகையை நான் இன்றுவரை கண்டதில்லை.)

நாற்காலிகள் நகர்ந்தன. முடிவு செல்லாது என்று ஒருவர், எல்லாம் கள்ளம் என்று இன்னொருவர். சிவபாதம் அண்ணை மைக்கை என் வாயருகே பிடித்தார்.

"சொல்லும் ஐசே, நீர் எந்தக் கல்லூரி?"

வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். மைக்குக்கு முன்னால் தலையாட்டினால் சத்தம் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மேடைப் படியில் மனோ நின்றாள்.

"சொல்லுங்கோவன்," என்றாள்.

"நான் ஒரு கல்லூரியும் இல்லை. அஞ்சாம் வகுப்போட விட்டனான். நீங்கள் கேட்கக் கேட்க வெட்கத்தில தலையை ஆட்டிப்போட்டன்."

தட்டு மாதிரி எதையாவது யாராவது கீழே போட்டால் நல்லது என்று ஏங்கினேன். எவரும் போடவில்லை. கார்த்திக் மட்டும் என் மட்டையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மூணாவது வரிசை யாரோடது? பன்னெண்டு சரியா வந்திருக்கு!"

"அது... என்ரை."

"எங்க ரெண்டு பேரையும் தாண்டிட்டீங்களே! என்ன மாடல்ணே?"

"முழங்கால் பட்டி."

"என்னது?"

"காலமை வந்து, மற்ற டீமைவிடக் கூடப் பட்டி வாங்கின டீம் தோற்கும். ஆட்டத்துக்கு முதல் எண்ணிப்போட்டு எழுதினனான்."

முதலில் சிரித்தது மனோ. பிறகு நானூறு பேரும். சிவபாதம் அண்ணை மட்டும் விடவில்லை.

"ஐஞ்சு வருசத் தரவு ஐசே! ஐஞ்சு வருசம்!"

"ஓம் அண்ணை. ஆனா உங்கட தரவுக்கு முழங்கால் இல்லையே."

என் வாழ்க்கையில் மைக்கில் நான் சொன்ன முதல் பகிடி அது. நான்தான் சொன்னேனா என்று திரும்பிப் பார்த்தேன். நீலமும் மஞ்சளும் பச்சையும் ஒன்றாய் நின்று கைதட்டின. நான் ஒருவருக்கும் சொந்தமில்லாதவன் என்பது உறுதியாகிவிட்டதால், என் முடிவும் உறுதியானது. அடுத்த வருடக் குழுக்களைப் பிரிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது.

கொத்துரொட்டி வரிசையில் ஒரு சிவப்பு ரீசேர்ட்காரர் என் காதருகே குனிந்தார். சிவப்புச் சங்கத்தில் பத்து வருடம் சந்தா கட்டியவர்.

"அண்ணை, நானும் எட்டாம் வகுப்புத்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் வீட்டுக்கு வெளிக்கிடுமுன் இப்படி ஆறு பேர் வந்து சொன்னார்கள். அடுத்த கோடையில் அந்தக் கூட்டம் பெருகி, எந்தக் கல்லூரியும் இல்லாதவர்கள் என்று ஒன்பதாவதாய் ஓர் அணி இறங்கியது. தலைவர் நான். முதல் ஆட்டம் மஞ்சளோடு. விசிலுக்கு முன் என் அணிப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, மட்டையில் 'மஞ்சள்' என்று எழுதினேன்.

ஆறுக்குப் பூச்சியம். ஆறாவது கோலுக்கு நான் கைதட்டினேன் என்று மனோ வருகிற எல்லோருக்கும் சொல்கிறாள். (தட்டியது உண்மை. கணிப்புச் சரி அல்லவா?)

போன மாதம் மகள் கார் ஓட்டும் சோதனைக்குப் புறப்பட்டாள். நான் மேசையில் பேனையோடு இருந்ததைக் கண்டதும் வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ், எனக்கு மட்டும் ஒண்டும் எழுதாதேங்கோ."

எழுதவில்லை. அவள் இரண்டாம் முறைதான் பாஸ் பண்ணினாள். முதல் முறை நான் மனதுக்குள் என்ன நினைத்தேன் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. நானும் தலையை ஆட்டவில்லை.